ரத்தம் கொடுக்கும் வரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள்

வேளச்சேரியில் கோதுமையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டவர்களுக்கு,

தண்டீஸ்வரம் நகரில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மாவு மில்லிலும் காய்கறிக் கடையிலும் கோயில் வாசலிலும் பார்த்துப் பழகியதால் உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும்.

போன மாதம் மட்டும் நான்கு பேர் என்னிடம் கோதுமையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஒருவருக்கு வயிற்று உப்புசம். இன்னொருவருக்கு ஜிம்மில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தாய், பையன் இளைத்துக்கொண்டே போகிறான் என்று அவனுக்கு பிஸ்கட், பிரெட், ரவை எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார். நான்காமவர் கைப்பேசியில் ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டினார். "சீலியாக் இல்லைன்னு வந்துடுச்சு டீச்சர். இப்பதான் நிம்மதி." கோதுமையை விட்டு எவ்வளவு நாளாகிறது என்று கேட்டேன். ஏழு மாதம் என்றார்.

அதே போன்ற ஒரு தாள் எங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. அதை நம்பி நாங்கள் ஒரு வருடத்துக்கு மேல் இழந்தோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மருமகள் லூதியானாப் பக்கத்துப் பெண். தரமணியில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, என் மகனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள். சின்ன வயதிலிருந்தே ரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரை, அடிக்கடி வயிற்றுப்போக்கு. "என் உடம்பு வாகு அப்படி அத்தை" என்பாள். எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நான்கு மாதத்தில் அந்த வயிற்றுப்போக்கு குறைந்தது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. எடை கூட இரண்டு கிலோ ஏறியது. தண்ணீர் மாறியதால் வந்த நல்லது என்று நாங்கள் நினைத்தோம். அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தால் மறுபடியும் முகம் வெளுத்து, வயிறு கெட்டு வருவாள். அப்போதும் தண்ணீரைத்தான் சொன்னோம். இரண்டு ஊருக்கும் நடுவில் மாறுவது தண்ணீரா, தட்டில் இருப்பதா என்று யோசிக்கவில்லை.

அவளே ஒருநாள் கண்டுபிடித்தாள். கோதுமையை அடியோடு விட்டாள். எட்டு மாதம் கழித்து, ஹீமோகுளோபின் இன்னும் ஏறவில்லையே என்று பார்த்த ஒரு மருத்துவர் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டில் கோதுமை இருக்கிறதா என்று எழுதிக் கொடுத்தவரும் கேட்கவில்லை, ரத்தம் எடுத்தவர்களும் கேட்கவில்லை. முடிவு நெகடிவ். அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

அந்தப் பரிசோதனை எதைத் தேடுகிறது என்று அப்போது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சீலியாக் உள்ளவர்களுக்கு கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலுக்குள் போனதும், உடலின் காவல் படை அதை எதிரியாக எடுத்துக்கொண்டு, கூடவே தன் சொந்தக் குடலையும் தாக்குகிறது. சிறுகுடலின் உட்புறம் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. இரும்பு, கால்சியம், ஃபோலிக் அமிலம் எதுவும் சரியாக உடம்பில் சேராது. இந்தச் சண்டையின்போது ரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருளைத்தான் டிடிஜி-ஐஜிஏ என்ற பரிசோதனை அளக்கிறது. எண்டோஸ்கோபி செய்து முன்சிறுகுடலிலிருந்து கிள்ளி எடுக்கும் சதைத் துணுக்குகளில் பார்ப்பது அந்தத் தேய்மானத்தை. கோதுமையை நிறுத்திவிட்டால் சண்டை ஓய்கிறது. எதிர்ப்பொருள் மாதத்துக்கு மாதம் குறைகிறது. குடலும் மெல்ல ஆறுகிறது. நோய் இருக்கும். அதைக் காட்டும் அடையாளம் இருக்காது.

வேளச்சேரிக்காரர்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்கிறேன். ஏப்ரல் மாதத்தில் ஒருவர் இங்கே வீடு பார்க்க வருகிறார். ராம் நகரில், ஏ.ஜி.எஸ். காலனியில், விஜயநகரில் ரோடு காய்ந்து புழுதி பறக்கிறது. இங்கே தண்ணீர் நிற்காது என்று எழுதிக்கொண்டு போகிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டை மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்த நாம் அந்த எழுத்தை ஏற்போமா? கோதுமையை விட்ட பிறகு செய்யும் பரிசோதனை, ஏப்ரலில் பார்த்த ரோடு.

இந்த நோயின் மூலத்தைக் கண்டவரும் கோதுமை இருக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்துத்தான் கண்டார். வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவருக்கு 1930களிலேயே ரொட்டி மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் போரினால் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பட்டினியில் வாடியபோது, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி நோயில் விழுந்தார்கள். கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் பார்த்து, அளந்து, 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அதை ஆய்வேடாக வைத்தார். கோதுமை இல்லாதபோது தேறியது ஒரு துப்புதான். அது திரும்பி வந்தபோது நடந்ததுதான் சாட்சி. எங்கள் மருமகள் எங்கள் சோற்று வீட்டுக்கு வந்து தேறியதும், அம்மா வீட்டில் விழுந்ததும் அதே துப்பு. அதை நான் படிக்காமல் விட்டேன்.

நம் பக்கத்து ஆராய்ச்சி ஒன்றும் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் நெடுங்காலம் பணியாற்றிப் பின்பு சென்னைக்கு வந்த குடல்நோய் மருத்துவர் பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2016இல் வெளியிட்டது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். சீலியாக் நோய் வடக்கே ஆயிரத்துக்கு 8.53 பேருக்கு, தெற்கே ஆயிரத்துக்கு 0.11 பேருக்கு. இந்த நோய்க்கு அடிப்படையான எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுக்களோ வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும் தெற்கே 36 பேரிடமும் இருந்தன. கிட்டத்தட்ட ஒரே அளவு. கோதுமைதான் வேறுபட்டது: வடக்கே ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம்.

இதைப் படித்துவிட்டு, நமக்கெல்லாம் வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அரிசிச் சோறு இந்த நோயை வெளியே வராமல் வைத்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த அரிசிச் சோறு நம் வீடுகளில் எத்தனை வேளை இருக்கிறது? சர்க்கரை வந்தவர் வீட்டில் ராத்திரி சப்பாத்தி. சாயங்காலம் பேக்கரியில் பப்ஸ். வாரத்தில் இரண்டு நாள் பரோட்டா. பிள்ளைகளுக்கு நூடுல்ஸ். மேலும், இன்றைய வேளச்சேரியில் தெற்குக் குடும்பங்கள் மட்டும் இல்லை. குருநானக் கல்லூரி இருக்கும் ஊர் இது. ஐ.டி. வேலைக்கு வந்த பஞ்சாப், ஹரியானா, டெல்லிப் பிள்ளைகள் நம் மாடியிலும் பக்கத்து வீட்டிலும் இருக்கிறார்கள். வடக்கே ஆயிரத்துக்கு 8.53, அதாவது நூற்றுப் பதினேழு பேரில் ஒருவருக்கு என்ற கணக்கை அவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெகடிவ் வந்து ஒரு வருடம் ஆனபோது குளியலறையில் வழுக்கி விழுந்து மருமகளுக்கு மணிக்கட்டு முறிந்தது. இருபத்தொன்பது வயது. எலும்பு அடர்த்தி பார்த்தால், என் வயதுக்காரிக்கு இருப்பதைவிடக் குறைவு. அப்போதுதான் ஒரு குடல்நோய் மருத்துவரிடம் போனோம். பழைய முடிவைக் கையில் வாங்கியவர், தாளைப் பார்ப்பதற்கு முன் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இந்த டெஸ்ட் எடுத்தப்ப சப்பாத்தி சாப்பிட்டுட்டு இருந்தீங்களாம்மா?"

அந்த ஒரு கேள்விதான்.

உடனே சப்பாத்தி சாப்பிடு என்று அவர் சொல்லவில்லை. முதலில் மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னார். இதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் நிறையப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். மரபணுவைப் பார்க்கக் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை. டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லையென்றால் சீலியாக் இருப்பதற்கு அநேகமாக வாய்ப்பே இல்லை. அவர்கள் வருந்திக் கோதுமை தின்ன வேண்டாம். ஆனால் மரபணு இருந்தால் நோய் இருக்கிறது என்று ஆகாது. நூற்றில் முப்பத்தாறு பேரிடம் இருக்கும் ஒன்று அது. இன்னும் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் அர்த்தம். எங்கள் மருமகளுக்கு டிக்யூ2 இருந்தது.

அப்புறம் ஆறு வாரம். தினமும் காலையில் ஒரு சப்பாத்தி, சாயங்காலம் ஒன்று. முப்பது முப்பத்தைந்து கிராம் மாவில் போட்ட சப்பாத்தியில் சுமார் 3 கிராம் குளூட்டன் இருக்கும். பிரிட்டனின் வழிகாட்டுதலும், பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் குளூட்டன் சேர வேண்டும் என்றுதான் சொல்கிறது.

எத்தனையோ பேருக்குச் சப்பாத்தி போட்டிருக்கிறேன். அந்த மாவைப் பிசைந்தபோது கை கனத்தது. காலியாகக் கவிழ்த்து வைத்திருந்த கோதுமை டப்பாவைக் கழுவி, மாவு வாங்கி நிரப்பினேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. எட்டு, ஒன்பது மணிக்கு மகனும் அவளும் பேசிச் சிரிப்பதுகூடக் கேட்டது. மூன்றாம் நாள் வயிறு பானையாக உப்பியது. இரண்டாவது வாரம் வாயெல்லாம் புண். அலுவலகத்தில் சொல்லி வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். மதியத்தில் கணினியை மடக்கிவிட்டுச் சோபாவில் சுருண்டு படுப்பாள். மணி ஐந்தடித்தால் நான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். "சூடா குடுங்க அத்தை, சீக்கிரம் முடிச்சிடறேன்" என்பாள், மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி.

ஒருநாள் மகன் பொறுக்கமாட்டாமல் என்னிடம் கத்தினான். "ஒத்துக்கலைன்னு தெரியுதில்லம்மா? விட்டுட்டா போச்சு. எதுக்கு இவளை இப்படி வதைக்கணும்?"

உங்களில் பலர் மனதிலும் இதே கேள்விதான் இருக்கும். மருத்துவர் அவனுக்குச் சொன்ன பதிலை என் வார்த்தையில் சொல்கிறேன். கோதுமையை விட்டதும் சரியாகிறது என்பதால் அது சீலியாக் என்று ஆகிவிடாது. கோதுமையில் ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட்டும் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் அதே பொருள் உண்டு. தங்களுக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்று நம்பிய 59 பேரை வைத்து நார்வேயில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், குளூட்டனைவிட ஃப்ரக்டான்தான் அவர்கள் வயிற்றை அதிகம் படுத்தியது. அப்படிப்பட்டவர் வாழ்நாள் முழுக்கக் கோதுமையை எண்ணிப் பயந்துகொண்டு, தினமும் சின்ன வெங்காயச் சாம்பாரில் அவதிப்படுவார். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மிடையே நிறைய. குடல் காசநோய் இருக்கிறது. ஜியார்டியா கிருமி இருக்கிறது. குடலுறிஞ்சிகள் தேயும் ட்ராபிகல் ஸ்ப்ரூ என்ற நோய் 1960களில் வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கொள்ளை நோயாகவே பரவி, சி.எம்.சி. மருத்துவர்கள் அதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். அதற்கு மருந்து ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும். கோதுமையை விடுவதால் அது தீராது.

இன்னொரு பக்கம், சீலியாக் என்றே உறுதியானால், பெரும்பாலும் விட்டுவிட்டேன் என்பது போதாது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன், அதாவது ஒரு சப்பாத்தியில் அறுபதில் ஒரு பங்கு, மூன்று மாதத்தில் குடலைக் கெடுக்கும் என்று 2007இல் இத்தாலிய மருத்துவர்கள் காட்டினார்கள். கோதுமையை விட்டிருந்த காலம் முழுவதும் என் மருமகள் என் சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் போட்ட கூட்டுப் பெருங்காயத்தில் மைதா இருந்தது. உங்கள் வீட்டு டப்பாவின் பின்பக்கத்தை இன்றைக்கே படித்துப் பாருங்கள். மில்லில் கோதுமை அரைத்த கையோடு அதே இயந்திரத்தில் அரைத்த அரிசி மாவிலும் கோதுமை சேரும். ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும், சோயா சாஸில் கோதுமை, பல வீட்டுச் சத்துமாவில் இரண்டும். இவ்வளவு கண்டிப்பை ஒரு மனுஷி நாற்பது, ஐம்பது வருடம் கடைப்பிடிக்க வேண்டும் என்றால், அது உண்மையிலேயே தேவையா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஊகத்தை வைத்துக்கொண்டு கல்யாணப் பந்தியில் எத்தனை தடவை தட்டை நகர்த்துவாள்?

நான்காவது வாரம் அவளால் முடியவில்லை. மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னோம். சொன்னது நல்லதாயிற்று. பாஸ்டன் மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நோய் உறுதியான 20 பேருக்குத் தினமும் 3 கிராமோ 7.5 கிராமோ குளூட்டனை இரண்டே வாரம் கொடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலோரின் குடலில் மாற்றம் தெரிந்ததாம். எதிர்ப்பொருள் மட்டும் அதன் பிறகும் ஏறிக்கொண்டிருந்ததாம். அதனால் நான்கு வாரத்திலேயே பார்த்துவிடலாம் என்றார். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இயல்பு வரம்பைப் போல ஆறு மடங்கு. ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்த்தார்கள். அது குறைவாக உள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனை பொய்யாக நெகடிவ் காட்டும். எண்டோஸ்கோபியில் ஐந்தாறு இடத்தில் எடுத்த துணுக்குகளில் குடலுறிஞ்சிகள் மட்டமாகியிருந்தன. சீலியாக்.

அன்று சாயங்காலம் மீதி மாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். தவா, சப்பாத்திக் கட்டை, வடிதட்டு எல்லாம் புதிதாக வாங்கினோம். அரிசி மாவு இப்போது வீட்டு மிக்சியில்தான். குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பொட்டலத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அப்படி அச்சிட்டதைத்தான் வாங்குகிறோம். பதினான்கு மாதம் ஆகிறது. ஹீமோகுளோபின் 12.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையில் தாங்களாகவே பரோட்டா தின்ன ஆரம்பித்துவிடாதீர்கள். கோதுமை பட்டால் உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல் வருபவர்களுக்கு இருப்பது வேறு நோய். அவர்கள் வீட்டில் இதைச் செய்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் இப்போது செய்யக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கிடுகிடுவென்று வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கோதுமையைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டாம் என்றே குழந்தைக் குடல்நோய் நிபுணர்கள் சொல்கிறார்கள். மகனுக்கு நிறுத்திய அந்தத் தாயை இதனால்தான் மறுநாளே குழந்தை மருத்துவரிடம் அனுப்பினேன்.

ஜிம்களிலும் இணையத்திலும் உணவு ஆலோசனை சொல்லும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். கோதுமையை விடச் சொல்வதற்கு முன், ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். உங்களுக்கு அது ஒரு நிமிடப் பேச்சு. அந்த நிமிடம் எங்கள் வீட்டில் யாராவது பேசியிருந்தால் ஒரு கை முறிந்திருக்காது என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

நேற்றோ போன வாரமோ நிறுத்தியவர்கள் இன்னும் காலம் கடத்தவில்லை. எதிர்ப்பொருள் அதற்குள் மறைந்துவிடாது. இந்த வாரமே ரத்தம் கொடுங்கள். மாதக்கணக்கானவர்கள், கையில் நெகடிவ் தாள் இருந்தாலும், நிறுத்திய தேதியை அந்தத் தாளிலேயே எழுதி எடுத்துக்கொண்டு குடல்நோய் மருத்துவரிடம் போங்கள். மரபணுப் பரிசோதனையைக் கேளுங்கள்.

இந்த நோய் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும். அவர்களில் பத்தில் ஒருவருக்கு இருக்க வாய்ப்புண்டு. மருமகளுக்கு உறுதியானதும் லூதியானாவில் இருக்கும் அவள் தம்பியிடம் சொன்னோம். அக்காவுக்கு இருந்தால் தனக்கும் இருக்கும், இன்றிலிருந்து ரொட்டியைத் தொட மாட்டேன் என்றான். இவள் கைப்பேசியைப் பிடுங்காத குறையாக வாங்கி, ரத்தம் கொடுக்கும் வரை வழக்கம் போலச் சாப்பிடு என்று அதட்டினாள். நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாத அந்தப் பையனுக்கும் பாசிடிவ்.

அன்புடன்,
தண்டீஸ்வரம் நகரிலிருந்து ஒரு டீச்சர்